பந்தை விடப் பழக வேண்டிய கை

கேள்வி: என் அப்பாவுக்கு 57 வயது. திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உண்டு. ஐந்து மாதங்களுக்கு முன் மூளையின் இடப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்து, வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு திரும்பிவிட்டது. இடது கையில் கைத்தடி பிடித்து நடக்கிறார். வலது கைதான் வரவில்லை. தோளை ஓரளவு தூக்குகிறார், முழங்கையை மடக்குகிறார், ஆனால் விரல்கள் மூடியே இருக்கின்றன. மருத்துவமனையில் சொன்னபடி ஸ்பாஞ்சுப் பந்தை நாளொன்றுக்கு 500 முறை அமுக்குகிறார். பந்தைக் கீழே போடச் சொன்னால் மணிக்கட்டு சற்று எழும்பி, கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் லேசாக விலகும். பந்து விழ வெகு நேரமாகும். இரவில் தோள் வலிக்கிறது என்கிறார். ஆறு மாதம் தாண்டினால் இனி வராது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நகரத்தில் ஒரு மையத்தில் ரோபோ எந்திரம் கொண்டு பயிற்சி தருகிறார்களாம், பெருந்தொகை கேட்கிறார்கள். சரக்கு எடுக்க வைத்திருந்த பணத்தைக் கட்டிவிடலாமா? அம்மாதான் ஊட்டிவிடுகிறார், சட்டை மாட்டிவிடுகிறார். அப்பா கடைப் பக்கமே வருவதில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன். ஆறு மாதக் கெடுவைப் பற்றியும் ரோபோவைப் பற்றியும்தான் நீங்கள் அதிகம் கவலைப்படுகிறீர்கள். ஆனால் அப்பா பந்தைக் கீழே போடும்போது மணிக்கட்டு சற்று எழும்புகிறது, கட்டைவிரலும் இன்னும் இரண்டு விரல்களும் லேசாக விலகுகின்றன என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதுதான் இந்தக் கடிதத்திலேயே முக்கியமான செய்தி. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இயன்முறை மருத்துவராகப் பணியாற்றிவரும் எனக்கு அந்த ஒரு வரி பெரும் நம்பிக்கை தருகிறது.

காரணத்தைச் சொல்கிறேன். அமெரிக்காவில் பக்கவாதம் வந்து மூன்று மாதம் முதல் ஒன்பது மாதம் வரை ஆன 222 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2006இல் வெளிவந்தது. நல்ல கையை உறையிட்டு அடக்கிவைத்து, பாதிக்கப்பட்ட கையை மட்டும் கொண்டு இரண்டு வாரம் தீவிரமாகப் பயிற்சி செய்யும் முறையை அது சோதித்தது. அப்படிப் பயின்றவர்களின் கை, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் கையைவிட நன்றாக இயங்கியது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் அந்த முன்னேற்றம் நிலைத்திருந்தது. அந்த ஆய்வில் சேர்வதற்கு வைத்திருந்த குறைந்தபட்சத் தகுதி, மணிக்கட்டை 10 டிகிரி அளவுக்கு மேலே தூக்க முடிய வேண்டும், கட்டைவிரலையும் வேறு இரண்டு விரல்களையும் 10 டிகிரி அளவுக்கு விரிக்க முடிய வேண்டும் என்பதே. 10 டிகிரி என்பது கண்ணுக்குத் தட்டுப்படும் அளவு அசைவு, அவ்வளவுதான். உங்கள் அப்பாவின் கை அந்த வாசலுக்கு அருகில் நிற்பதாகவே தோன்றுகிறது. நேரில் தொட்டுப் பார்க்கும் மருத்துவர் ஒருவர் அதை உறுதிசெய்ய வேண்டும்.

பந்துக்கு வருகிறேன். பக்கவாதம் வந்த கையில் சில வாரங்களுக்குப் பிறகு தசை இறுக்கம் ஏறும்போது, மடக்கும் தசைகள் ஓங்கி, விரிக்கும் தசைகள் பின்தங்கிப் போகின்றன. முழங்கை மடங்கி, மணிக்கட்டு தொங்கி, விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டுகொள்வது இதனால்தான். இப்படி ஏற்கெனவே மூடிக்கொள்ளத் துடிக்கும் கையிடம் பந்தைக் கொடுத்து 500 முறை அமுக்கச் சொன்னால், எதைக் குறைக்க வேண்டுமோ அதையே வளர்க்கிறோம். உங்கள் அப்பா தினமும் இத்தனை உழைத்தும் பிடி மட்டும் இறுகி, விரல் திறக்காமல் இருப்பதில் வியப்பில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் எத்தனையோ பேரிடம் பந்தைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன், அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

பந்தைத் தூக்கிப் போட வேண்டாம், வேலையை மட்டும் மாற்றுங்கள். முன்னங்கை முழுவதும் மேசைமேல் படிந்திருக்க, மணிக்கட்டு மேசை விளிம்புக்கு வெளியே இருக்குமாறு அப்பாவை உட்கார வையுங்கள். கீழே ஒரு பாத்திரம் இருக்கட்டும். பந்தை அவர் இடது கையால் எடுத்து வலது கையில் வைத்துக்கொண்டு, பிறகு அதை விட வேண்டும். மணிக்கட்டு கீழே தொங்கும்போது விரல்கள் சற்றுத் திறப்பது நம் எல்லோருடைய கைக்கும் உள்ள இயல்பு என்பதால், முதலில் மணிக்கட்டைத் தொங்கவிட்ட நிலையிலேயே விடப் பழகட்டும். அது எளிதான பிறகு மணிக்கட்டை நேராக வைத்துக்கொண்டு விட வேண்டும். பக்கத்தில் நின்று "விடு, விடு" என்று அவசரப்படுத்தாதீர்கள். முக்கி முயலும்போது இறுக்கம் கூடி, கை இன்னும் மூடிக்கொள்ளும். மூச்சை மெல்ல வெளியே விட்டபடி, கட்டைவிரலை மட்டும் நினைத்துக்கொண்டு விடச் சொல்லுங்கள். கட்டைவிரல் விலகினால் மற்றவை பெரும்பாலும் பின்னால் வரும்.

கால் வந்துவிட்டது, கை ஏன் வரவில்லை என்று ஏறத்தாழ எல்லாக் குடும்பங்களும் கேட்பதுண்டு. மூளையின் மேற்பரப்பில் கைக்கும் முகத்துக்கும் உரிய பகுதிக்கு ரத்தம் கொண்டுசெல்வது நடுப்பெருமூளைத் தமனி. பக்கவாதத்தில் அதிகம் அடைபடும் குழாய்களில் அது முதன்மையானது. காலுக்கு உரிய பகுதிக்குப் பெரும்பாலும் வேறொரு தமனி செல்கிறது. அதோடு, நிற்கவும் நடக்கவும் மூளைத்தண்டு வழியாக வரும் மாற்றுப் பாதைகள் ஓரளவு கைகொடுக்கும். விரல்களைத் தனித்தனியே அசைக்கும் நுட்பமோ, எதிர்ப்பக்க மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு நேராக இறங்கும் ஒரே பாதையைப் பெரிதும் நம்பியிருக்கிறது. ஆகவே கை பிந்தி வருவதைக் கொண்டு உங்கள் அப்பா சோம்பியிருக்கிறார் என்றோ, நீங்கள் எதையோ செய்யத் தவறினீர்கள் என்றோ எண்ண வேண்டாம்.

ஆறு மாதக் கதையில் பாதி உண்மை இருக்கிறது. மூளை தானாகவே தேறிக்கொள்ளும் வேகம் முதல் சில வாரங்களில் மிகுதி; மூன்று மாதத்துக்குப் பிறகு அது வெகுவாகத் தணிந்துவிடுகிறது. தணிகிறது என்பதைத்தான் ஊரார் நின்றுவிடுகிறது என்று மாற்றிச் சொல்கிறார்கள். லண்டனில் குயின் ஸ்கொயர் நரம்பியல் மருத்துவமனையில் கைக்கென்றே நடக்கும் திட்டத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் பக்கவாதம் வந்து ஓராண்டுக்கு மேல் ஆனவர்கள். மூன்று வாரத்தில் 90 மணி நேரம் அவர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். அப்படிப் பயின்ற 224 பேரைப் பற்றி 2019இல் வெளியான அறிக்கை, அவர்களின் கைகள் குறிப்பிடத்தக்க அளவில் முன்னேறின, ஆறு மாதம் கழித்தும் அந்த முன்னேற்றம் குறையவில்லை என்று காட்டியது. ஆறாவது மாதத்துக்குப் பிறகு கை தானாக வந்துவிடாது, உழைத்துத்தான் கொண்டுவர வேண்டும் என்று சொன்னால் அது சரியாக இருக்கும். ஆனால் உங்கள் அப்பாவின் கை பழையபடி முழுமையாகத் திரும்பும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். பயன்படும் கையாக அது மாறுவதற்கு வாய்ப்பு இருக்கிறது என்பதை மட்டும் துணிந்து சொல்கிறேன்.

எவ்வளவு உழைப்பு என்பதில்தான் பெரும்பாலோர் ஏமாந்துபோகிறோம். அமெரிக்க ஆய்வாளர்கள் சிகிச்சை மையங்களில் அமர்ந்து எண்ணிப் பார்த்து 2009இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு பயிற்சி வேளையில் நோயாளியின் கை ஏதேனும் ஒரு செயலைச் செய்தது சராசரியாக 32 முறை மட்டுமே. மூளையின் இணைப்புகள் மாறியதைக் கண்ட விலங்கு ஆய்வுகளில் ஒரு நாளுக்கு நூற்றுக்கணக்கான முறை பயிற்சி நடந்தது. உங்கள் அப்பா 500 முறை செய்யக்கூடியவர் என்பதை ஏற்கெனவே காட்டிவிட்டார். அந்த உழைப்பைச் சரியான வேலைகளுக்குத் திருப்பிவிட்டால் போதும்.

எந்த வேலை என்று நீங்கள் வெளியே தேட வேண்டியதில்லை, உங்கள் கடையிலேயே எல்லாம் இருக்கிறது. கல்லாவுக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டு, வாடிக்கையாளர் குறைவாக இருக்கும் பிற்பகல் நேரத்தில் அவரை உட்கார வையுங்கள். முதல் வாரம் ஒரு துணியை உள்ளங்கைக்குக் கீழே விரித்து மேசையை முன்னும் பின்னும், பிறகு பக்கவாட்டிலும் துடைக்கட்டும். இதில் முழங்கை நீள்கிறது, தோள் முன்னே போகிறது, விரல்கள் விரிந்தபடி இருக்கின்றன. விரல்கள் தாமாக விரியாவிட்டால் இடது கையை மேலே வைத்து அழுத்திக்கொள்ளலாம். அடுத்து, ஒரு தட்டிலிருந்து புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்து டப்பாவில் போட வேண்டும். எண்ணிக்கைக்குத் தனியாகக் கணக்கு வைக்கத் தேவையில்லை, டப்பாவில் விழுந்த கொட்டைகளே கணக்கு. கொட்டையை எடுப்பது கடினமாக இருந்தால் பூண்டுப் பல், அதுவும் கடினமானால் சின்ன வெங்காயம். அவை எளிதாகிவிட்டால் பச்சைப் பயறு, ஒரு ரூபாய் நாணயம் என்று கடினமாக்கிக்கொண்டே போகலாம். பத்துக்கு ஏழெட்டு முறை அவரால் செய்ய முடிகிற வேலையே சரியான வேலை. பத்துக்குப் பத்தும் வந்தால் கடினமாக்குங்கள், இரண்டுதான் வருகிறது என்றால் எளிதாக்குங்கள். பிறகு கரண்டியால் பருப்பை அள்ளித் தராசில் கொட்டுவது, காகிதத்தை வலது கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ள இடது கையால் பொட்டலம் மடிப்பது என்று இரு கைகளும் சேரும் வேலைகளுக்கு வரலாம். 100 முறையில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்தில் நாளொன்றுக்கு 300 முறை என்ற அளவை எட்டட்டும். ஒரே மூச்சில் செய்ய வேண்டாம், காலையும் மாலையுமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

இந்த வேலைகளில் நீங்கள் கவனித்துத் திருத்த வேண்டியது உடம்பு சாய்வதை. கை எட்டாதபோது அவர் தோளைக் காதுக்குத் தூக்கி, முதுகோடு முன்னே சாய்ந்து பொருளை எடுத்துவிடுவார். பொருள் கைக்கு வந்துவிடும், ஆனால் முழங்கை நீளக் கற்றுக்கொள்ளாது. ஒரு துண்டை மார்புக்குக் குறுக்கே தளர்வாகப் போட்டு நாற்காலியின் முதுகோடு கட்டிவிட்டால், சாயும்போது துண்டு அவருக்கு நினைவூட்டும். இன்னொன்றையும் சொல்லிவைக்கிறேன். கொட்டாவி விடும்போதோ தும்மும்போதோ அந்தக் கை தானாக எழும்பி மடங்குவதைக் கண்டு, கை வந்துவிட்டது என்று குடும்பத்தார் மகிழ்ந்துபோவார்கள். அது அவர் விருப்பத்தால் நிகழும் அசைவாக இல்லாததால் அதை முன்னேற்றமாக எண்ண வேண்டாம், அஞ்சவும் வேண்டாம்.

இனி உங்கள் அம்மாவைப் பற்றி. அவர் ஊட்டிவிடுவதும் சட்டை மாட்டிவிடுவதும் அன்பினால்தான் என்பதை நான் அறிவேன். ஆயினும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப், ஒரு கையின் உணர்வு நரம்புகள் துண்டிக்கப்பட்ட குரங்குகளை ஆராய்ந்தபோது, அசைக்க முடிந்த அந்தக் கையைக் குரங்குகள் அடியோடு கைவிட்டுவிட்டு மறு கையாலேயே வாழப் பழகியதைக் கண்டார். நல்ல கையைக் கட்டிவைத்ததும் கைவிடப்பட்ட கை வேலைக்கு வந்தது. தொடக்கத்தில் முயன்று தோற்ற கையை மூளை மறக்கக் கற்றுக்கொள்கிறது என்பதுதான் இதன் பொருள். நான் மேலே சொன்ன உறையிடும் சிகிச்சை பிறந்தது இங்கிருந்துதான். வீட்டில் அப்பா முயலுவதற்கு முன்பே இன்னொரு கை வந்து வேலையை முடித்துவிட்டால், அவருடைய மூளைக்கும் அதே பாடம்தான் போய்ச்சேரும்.

ஆகவே சில வேலைகளை மட்டும் வலது கைக்கென்று ஒதுக்கி, அம்மாவிடம் பேசி ஒப்புதல் வாங்குங்கள். சட்டையில் வலது கையை முதலில் நுழைத்தால் அவரே பெரும்பகுதியைப் போட்டுக்கொள்ள முடியும். இட்லியைப் பிட்டு வாயில் வைக்க இப்போது முடியாது, ஆனால் தட்டு நகராமல் வலது கையால் பிடித்துக்கொள்ள முடியும். விளக்கு சுவிட்சைத் தட்டுவது, குழாயைத் திருப்புவது, பல் துலக்கும்போது பற்பசையைப் பிடித்துக்கொள்வது எல்லாம் அவருடைய பொறுப்பாகட்டும். நேரமாகும், கொட்டும், கோபம் வரும். அதற்காக அரை மணி முன்னதாகவே தொடங்குங்கள். நல்ல கைக்கு உறையிடும் பயிற்சியை, மருத்துவர் சரி என்று சொன்னால், நாளொன்றுக்கு இரண்டு மூன்று மணி நேரம் என்ற அளவில் வீட்டிலேயே செய்யலாம். தடித்த காலுறையை இடது கையில் மாட்டினால் போதும். உட்கார்ந்திருக்கும்போது மட்டுமே அதை அணிய வேண்டும். அவருக்குக் கைத்தடி பிடிக்க இடது கை தேவை என்பதால் நடக்கும்போதும், சூடான பொருள் அருகில் இருக்கும்போதும் கட்டாயம் கழற்றிவிடுங்கள்.

தோள் வலியை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் கவனிக்கச் சொல்வேன், ஏனெனில் வலிக்கும் தோளோடு எந்தக் கையும் பயிற்சி செய்யாது. தோள் மூட்டை அதன் இடத்தில் பிடித்துவைத்திருப்பவை பெரும்பாலும் தசைகளே. அவை தளர்ந்திருக்கும்போது கையைப் பிடித்து இழுத்தாலும், அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாலும் மூட்டு இறங்கி உள்ளே காயப்படும். அப்பாவை எழுப்பும்போது இடுப்பிலோ முதுகிலோ பிடியுங்கள், கையை ஒருபோதும் இழுக்காதீர்கள். கப்பியில் கயிறு கட்டி நல்ல கையால் இழுத்து வலது கையைத் தலைக்கு மேல் தூக்கும் பயிற்சியை யாரேனும் சொல்லிக்கொடுத்திருந்தால் இன்றே நிறுத்துங்கள். படுக்கும்போது வலது கை முழுவதையும் ஒரு தலையணைமேல் வைத்து, உள்ளங்கை மேல்நோக்கிச் சற்றுத் திரும்பியிருக்கும்படி விடுங்கள். உட்காரும்போது கை தொங்கக் கூடாது, மேசையிலோ நாற்காலிக் கையிலோ தாங்கல் இருக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் மூட்டு இறுகிப்போகும் வாய்ப்பும் கூடுதல் என்பதால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கை வீங்கி, சிவந்து, விரலைத் தொட்டாலே எரிச்சலும் வலியுமாக இருந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். தோளும் கையும் சேர்ந்து பாதிக்கப்படும் அந்த நிலையைத் தொடக்கத்திலேயே பிடித்தால்தான் சரிப்படுத்துவது எளிது.

வீட்டில் செலவில்லாமல் செய்யக்கூடிய இன்னொன்று கண்ணாடிப் பயிற்சி. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்காவுக்குச் சென்ற நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் தோன்றும் வலியைத் தணிக்க 1990களில் கண்டறிந்த முறை இது. 1999இல் அவரும் சக ஆய்வாளர்களும் பக்கவாதக் கைக்கும் இதைச் சோதித்தார்கள். பின்னர் நடந்த பல ஆய்வுகள் இதனால் பலன் உண்டு என்று காட்டியிருக்கின்றன. ஒரு சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடியை மேசைமேல் அப்பாவின் நெஞ்சுக்கு நேராகச் செங்குத்தாக நிறுத்துங்கள். கண்ணாடியின் முகம் இடது கையைப் பார்க்க வேண்டும், வலது கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்க வேண்டும். இடது கையில் மோதிரமோ கடிகாரமோ இருந்தால் கழற்றிவிடுங்கள். அவர் கண்ணாடிக்குள் பார்த்தபடி இடது கையை மெல்ல விரித்து மூடும்போது, வலது கையே விரிவதுபோல் தோன்றும். அதே வேளையில் மறைந்திருக்கும் வலது கையையும் விரிக்க முயல வேண்டும். அரை மணிக்கு மேல் வேண்டாம். கொட்டை எடுக்கும் வேலைக்கு முன்னதாக இதைச் செய்தால் கை ஆயத்தமாக இருப்பதை நான் பலரிடம் கண்டிருக்கிறேன்.

ரோபோவுக்காகச் சரக்குப் பணத்தைத் தொடாதீர்கள். பிரிட்டனில் 770 பேரைக் கொண்டு நடந்து 2019இல் வெளியான ஆய்வில், ரோபோ எந்திரத்தில் பயின்றவர்களின் கை, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களின் கையைவிடக் கூடுதலாக இயங்கவில்லை. எந்திரம் தீங்கு என்று நான் சொல்லவில்லை. அந்தப் பணம் உங்கள் வீட்டுக்கு எவ்வளவு பெரியது என்பதையும், அது வாங்கித் தரக்கூடிய பலன் எவ்வளவு சிறியது என்பதையும் சேர்த்துப் பார்த்துச் சொல்கிறேன். கரண்ட் வைப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் யாராவது சொல்வார்கள். முன்னங்கையின் வெளிப்பக்கத்தில், விரல் விரிக்கும் தசைமேல் வைத்து, கரண்ட் வரும் அதே நொடியில் அவரும் விரிக்க முயன்றால் அது உதவும். அவர் எங்கோ பார்த்தபடி படுத்திருக்க, எந்திரம் மட்டும் கையை அசைத்துக்கொண்டிருந்தால் அதிலிருந்து பெரிதாக எதுவும் கிடைக்காது. இறுக்கம் மிகுந்து, உள்ளங்கையைக் கழுவவோ நகம் வெட்டவோகூட முடியாத நிலை வந்தால், இறுக்கத்தைத் தளர்த்த அந்தத் தசைகளில் போட்டுலினம் என்ற மருந்தை ஊசியாகப் போடுவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அதன் பலன் ஏறத்தாழ மூன்று மாதம் இருக்கும், அந்த மூன்று மாதமும் பயிற்சி நடந்தால்தான் போட்டதற்குப் பொருளுண்டு.

எண்ணெய் தேய்ப்பதில் தவறில்லை, மெல்லத் தேய்க்க வேண்டும், சொடக்கெடுக்கக் கூடாது. அந்தக் கையில் சூடு உறைக்காமல் போகலாம் என்பதால் எண்ணெயையும் வெந்நீரையும் முதலில் உங்கள் கையில் பார்த்துவிடுங்கள். வேறு எந்த வைத்தியத்துக்குப் போனாலும் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, ரத்தம் உறையாமைக்கான மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது. இரண்டாவது தாக்குதல் வந்தால் இத்தனை உழைப்பும் வீணாகிவிடும்.

பயிற்சியாளர் வருவது செலவாகும் என்றால், 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிக்கும் வசதி இருக்கிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயரைப் பதிவு செய்யுங்கள். வருபவரிடம் இந்தப் பதிலைக் காட்டி, தோளைப் பார்த்த பிறகு எது பொருந்தும் என்று கேளுங்கள்.

அப்பா கடைப் பக்கமே வருவதில்லை என்ற கடைசி வரி என்னை உறுத்துகிறது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. தூக்கமும் பசியும் குறைந்து, பேச்சும் சுருங்கியிருந்தால் அதற்கும் மருத்துவம் உண்டு, அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆனால் பல ஆண்டுகள் தராசு பிடித்த மனிதர், மூடிய கையோடு வாடிக்கையாளர் முன்னால் உட்காரக் கூசுகிறார் என்பதும் காரணமாக இருக்கலாம். அதனால்தான் கூட்டமில்லாத பிற்பகலைச் சொன்னேன். உட்கார்ந்ததும் பயிற்சி என்று தொடங்காமல், அவருக்குத் தெரிந்த கணக்கு ஏதாவது ஒன்றைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

நாளைக் காலையில் ஒரு வேலை செய்யுங்கள். அப்பாவின் வலது கையில் பந்தை வைத்து, விடச் சொல்லி, அது பாத்திரத்தில் விழும்வரை எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்து, கடையின் கணக்கு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். கைபேசியில் படமும் எடுத்துவையுங்கள், மருத்துவருக்குக் காட்ட உதவும். வாரம் ஒரு முறை, அதே நாற்காலியில், அதே நேரத்தில் மீண்டும் அளந்து எழுதுங்கள். ஆறு வாரத்து எண்களையும், தோள் வலி எப்படி இருக்கிறது என்பதையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்து எந்த வேலைக்குப் போகலாம் என்பதை அந்த எண்களைப் பார்த்து எழுதுகிறேன்.